பெயர் மாறினால் கடமை மாறுமா?

பெயரிடுதல் மனிதனுக்கே உரிய ஆற்றல். பிறந்த குழந்தைக்குப் பெயரிடுகின்றோம். ஊருக்கும் ஆற்றுக்கும் இடுகின்றோம். வானத்து விண்மீனுக்கும் வயலில் விளையும் நெல்லுக்கும் இடுகின்றோம். பெயரில்லாத ஒன்றைக் குறித்துப் பேசுதல் அரிது. பேச முடியாத ஒன்றுக்காக வழக்காடுதல் அதனினும் அரிது. குடும்ப அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் நிலப் பட்டாவிலும் பெயர் ஏறாதவன், ஊரில் நடமாடினாலும் ஏட்டில் இல்லாதவனே. பெயர் என்பது ஓர் உரிமையின் வாயிலாக இருப்பதை நாள்தோறும் அரசு அலுவலகங்களின் முன் நிற்கும் மக்கள் நன்கு அறிவார்கள். அப்படியாயின் ஒரு வினா எழுகின்றது. பெயரால் வந்த உரிமை, பெயர் மாறும்போது போய்விட வேண்டுமா? ஓர் உயிரைக் காக்க வேண்டிய நம் கடமை அதன் பெயரைப் பற்றி நிற்கின்றதா, உயிரைப் பற்றி நிற்கின்றதா?

இதனை நூலறிஞர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்க நாட்டின் ஓர் ஆற்றில் வாழ்ந்த மூன்று அங்குல மீன் ஒன்று, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவை எழுப்பிக்கொண்டே இருக்கின்றது. நம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரமும், அம்மாவட்டத்தின் கல்வராயன் மலையும் வேறொரு வகையில் இதே வினாவை நம்மிடம் கேட்கின்றன. மீனிலிருந்து தொடங்கி மனிதரிடம் வருவோம்.

உயிர்களை வகுத்தறியும் முயற்சி மிகப் பழமையானது. தொல்காப்பியத்தின் மரபியல், அறிவின் அளவைக் கொண்டு உயிர்களை ஆறாகப் பகுத்தது. புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்து, மக்களை ஆறறிவில் வைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் தம் பெருநூலில் விலங்குகளை நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என நான்காக வகுத்தார். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அறிஞர் அத்தமீரி, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் விலங்குகளை அரபு நெடுங்கணக்கின் வரிசையில் அடுக்கி விளக்கினார். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பே இன்று விலங்குகளுக்கு வழங்கும் இரட்டைப் பெயர் முறைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. ஒருவர் அறிவைக் கொண்டு வகுத்தார். ஒருவர் இயக்கத்தைக் கொண்டு வகுத்தார். ஒருவர் எழுத்தின் வரிசையைக் கொண்டார். ஒருவர் உடலின் அமைப்பைக் கொண்டார். உயிர்கள் இருந்தபடியே இருந்தன. அவற்றை நோக்கிய கண்களும், நோக்கியதன் காரணமுமே வேறுபட்டன.

நம் அடுக்களையிலும் ஒரு வகைப்பாடு உண்டு. அயிரை என்று சொன்னால் ஆற்று மணலிலும் குளத்துச் சேற்றிலும் கிடக்கும் சிறுமீனை நாம் அறிவோம். உளுவை என்றால் நீரின் அடியில் கல்லோடு கல்லாய் ஒட்டிக் கிடப்பது என்று அறிவோம். மீன் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அதற்குமேல் தேவையில்லை. ஆனால், நம் குழம்பில் கொதிக்கும் அயிரைக்கு அறிவியல் ஏட்டில் வழங்கும் பெயர், இலங்கையின் திருக்கோணமலைக்கு அருகேயுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றை நினைவூட்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் அம்மீனை விவரித்தபோது, அது கிடைத்த ஊற்றின் வெம்மையையே பெயராக்கினார். இம்மீன் எங்கெங்கோ குளிர்ந்த நீரில் வாழ்கின்றது. ஆயினும் வெந்நீரின் பெயரைச் சுமந்துகொண்டே வாழ்கின்றது. பெயர் பொருளைச் சுட்டும். ஆனால் பொருளின் முழுமையைப் பெயர் ஒருபோதும் சொல்லிவிடாது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

இனி அமெரிக்க மீனின் வரலாற்றுக்கு வருவோம். டார்ட்டர் என்பது வட அமெரிக்காவின் நன்னீரில் மட்டுமே வாழும் ஒரு சிறுமீன் குழு. இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. நம் உளுவையைப் போல் அவை நீரின் அடித்தரையில் தங்குபவை. அசையாமல் கிடந்து, திடீரெனப் பாய்ந்து இடம் மாறுபவை. அந்தப் பாய்ச்சலே பெயருக்குக் காரணம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், டென்னசி பல்கலைக்கழகத்து விலங்கியல் பேராசிரியர் டேவிட் எட்னியர், லிட்டில் டென்னசி ஆற்றின் தெளிந்த நீரில் மூழ்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாம் அறிந்த எதனோடும் ஒவ்வாத ஒரு டார்ட்டரைக் கண்டார். அதன் முக்கிய உணவு ஆற்றுச் சரளைக்கற்களில் வாழும் சிறு நத்தைகள். ஆகையால் அது நத்தை டார்ட்டர் எனப்பட்டது. 1976இல் வெளியான முறைப்படியான விவரிப்பில் ‘பெர்சினா தனாசி’ என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது. தனாசி என்பது அவ்வாற்றங்கரையில் ஒருகாலத்தில் இருந்த செரோக்கிப் பழங்குடியினரின் ஊர். டென்னசி என்னும் மாநிலத்தின் பெயரே அவ்வூரிலிருந்து வந்ததுதான்.

அந்த ஆற்றில் அப்போது டெலிக்கோ என்னும் அணை எழுந்துகொண்டிருந்தது. டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம் 1967இல் தொடங்கிய பணி அது. அணை முடிந்தால் ஓடும் ஆறு தேங்கும் நீராகிவிடும். சரளைக்கற்கள் சேற்றில் புதையும். நத்தையும் போகும், நத்தையைத் தின்னும் மீனும் போகும். 1973ஆம் ஆண்டின் இறுதியில் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. ஹிராம் ஹில் என்னும் சட்ட மாணவரும், சிக்மண்ட் பிளேட்டர் என்னும் அவருடைய ஆசிரியரும் அச்சட்டத்தைக் கையில் எடுத்தனர். 1975இல் மீன் காப்புப் பட்டியலில் சேர்ந்தது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1978 ஜூன் 15ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் மீனின் பக்கம் நின்றனர். பத்துக் கோடி டாலருக்குமேல் செலவிட்டு, ஏறக்குறைய முடிந்துவிட்ட அணை ஒரு சிறு மீனுக்காக நிறுத்தப்பட்டது.

உலகம் நகைத்தது. பெரும் அணையா, சிறு மீனா என்று ஏளனம் பேசப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, விலக்கு அளிப்பதற்கென்று உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. ஆனால், 1979 ஜனவரியில் அக்குழு ஒருமனதாக அணைக்கு விலக்கு மறுத்துவிட்டது. மீனின் மேல் கொண்ட இரக்கம் அதற்குக் காரணமாக இருக்கவில்லை; எஞ்சியிருந்த சிறுபகுதி வேலையை முடிப்பதற்கு ஆகும் செலவைக்கூட அணையால் வரும் பயன் ஈடு செய்யாது என்று அவர்களுடைய கணக்கு காட்டியது. இருந்தும் என்ன? அதே ஆண்டு ஒரு செலவின மசோதாவின் ஓரத்தில் டெலிக்கோ அணைக்கு மட்டும் எல்லாச் சட்டங்களிலிருந்தும் விலக்கு தரும் சில வரிகள் ஒட்டப்பட்டன. செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்டார். நவம்பர் 29ஆம் நாள் அணையின் கதவுகள் மூடப்பட்டன. நீதிமன்றத்தில் வென்ற மீன் காகிதத்தின் ஓரத்தில் தோற்றது.

மீன் அழியவில்லை. முன்னதாகவே அவற்றில் சிலவற்றைப் பிடித்து ஹிவாசி முதலிய வேறு ஆறுகளில் விட்டிருந்தனர்; பின்னாளில் வேறு நீர்நிலைகளிலும் அவை வாழ்வது தெரியவந்தது. 1984இல் அதன் ஆபத்து நிலை ஒருபடி குறைக்கப்பட்டது. 2022இல், மீண்டு வந்துவிட்டது என்று கூறிப் பட்டியலிலிருந்தே நீக்கினர். கதை இவ்வாறு நலமாக முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில், 2025 ஜனவரியில் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நியரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மரபணுக்களையும் உடற்கூறுகளையும் ஒப்பிட்டு அவர்கள் கண்ட முடிவு இது: நத்தை டார்ட்டர் ஒரு தனி இனமே அன்று, ஆர்க்கன்சாஸ், மிசூரிப் பகுதிகளில் வாழ்வதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே அறியப்பட்ட மற்றொரு டார்ட்டரின் கிழக்குக் கூட்டமே அது. கண்கள் மேல்நோக்கி அமைந்ததால் விண்மீன் பார்ப்பது என்று பெயர் பெற்ற மீன் அது. மீனுக்காக வழக்காடிய பிளேட்டர் இம்முடிவை ஏற்கவில்லை. வேறுபாடுகளைக் கண்டு பிரிப்பதைவிட, ஒற்றுமைகளைக் கண்டு சேர்ப்பதிலேயே நாட்டமுடைய அறிஞர்களின் போக்கு இது என்றார்.

இங்கேதான் நம் வினா கூர்மை அடைகின்றது. ஆய்வு வெளியானதும் இரண்டு குரல்கள் எழக் காண்கின்றோம். ஒரு குரல் சொல்கின்றது: “இல்லாத ஓர் இனத்தின் பெயரால் ஒரு நாட்டையே நிறுத்தி வைத்தார்கள், எல்லாம் பொய்.” மற்றொரு குரல் சொல்கின்றது: “உண்மையாகவே இருந்தாலும் இதை இப்போது சொல்லலாமா? ஆற்றை அழிப்பவர் கையில் ஆயுதம் கொடுத்ததாகாதா?” இவ்விரு குரல்களும் ஒன்றுக்கொன்று பகையாகத் தோன்றினும், அடியில் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. பெயர் போனால் கடமையும் போய்விடும் என்பதே அந்நம்பிக்கை. முதற் குரலுக்கு அது மகிழ்ச்சி. இரண்டாம் குரலுக்கு அது அச்சம். நாம் ஆராய வேண்டியது அந்நம்பிக்கையையே.

முதலாவதாக, இனம் என்பதன் எல்லை எத்தகையது என்று காண்போம். தம்முள் கூடி இனம் பெருக்குவன ஓரினம் என்று உயிரியல் மாணவர்கள் படிக்கின்றனர். ஒரே குளத்தில் வாழும் இருவகை மீன்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். பலநூறு மைல் தொலைவில், ஒன்றோடொன்று கலக்க வழியில்லாத இரண்டு ஆறுகளில் வாழும் இரண்டு கூட்டங்களுக்கு அதை எவ்வாறு வைத்து அளப்பது? செதிலை எண்ணலாம்; துடுப்பின் முள்ளை எண்ணலாம்; மரபணுவின் வேற்றுமையைக் கணக்கிடலாம். எவ்வளவு வேற்றுமை இருந்தால் தனி இனம், எவ்வளவு குறைந்தால் உறவுக் கூட்டம் என்ற கோட்டை இயற்கை வரைந்து வைக்கவில்லை. இனத்துக்கும் அதன் உட்பிரிவுக்கும் இடையே தெளிந்த கோடு கிழித்தல் இயலாது என்பதை 1859இலேயே டார்வின் விளக்கிவிட்டார். இதனால் வகைப்பாடு மனம்போன போக்கில் செய்வது என்று ஆகிவிடாது. மாலை எப்போது இரவாகின்றது என்று நொடி குறிக்க முடியாததால் பகலும் இரவும் ஒன்றென்று எவரும் சொல்வதில்லையே! கோடு மங்கலாக உள்ள இடத்தில் சான்றுகளை எடைபோட்டு முடிவு கூறுவது அறிஞர் கடமை. புதிய சான்று வந்தால் முடிவை மாற்றுவதும் அவர் கடமையே.

இரண்டாவதாக, அந்தச் சட்டமே பெயர் ஒன்றை மட்டும் நம்பி எழுதப்படவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டம் இனம் என்னும் சொல்லுக்குப் பரந்த பொருள் தந்தது. உள்ளினத்தையும், ஓரிடத்தில் கூடி வாழ்ந்து இனம் பெருக்கும் கூட்டத்தையும் அச்சொல்லுக்குள் அடக்கியது. 1978ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரும் மீன், பறவை போன்ற முதுகெலும்புடைய உயிர்களின் தனித்த கூட்டங்களுக்குக் காப்புத் தர வழி இருந்தது. லிட்டில் டென்னசி ஆற்றில் அன்று இருந்தது தனி இனமோ, மற்றோர் இனத்தின் கிழக்குக் கூட்டமோ, கதவு மூடிய அன்று அதற்கு வந்த கேடு ஒன்றே. பெயர்ச்சண்டையில் நாம் மறந்துவிடும் உண்மை இது.

மூன்றாவதாக, ஏன் அந்தச் சிறுமீனின் தலையில் இவ்வளவு பெரிய வழக்கு ஏற்றப்பட்டது என்பதை நோக்க வேண்டும். அணைக்காக முப்பத்தெட்டாயிரம் ஏக்கர் அளவுக்கு நிலம் எடுக்கப்பட்டது. நீர் நின்றதோ ஏறக்குறைய 16,500 ஏக்கரில் மட்டுமே. தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள் நிலத்தை இழந்தன. செரோக்கி மக்களின் தொல்லூர்களான சோட்டாவும் தனாசியும், அவர்தம் முன்னோர் துயிலும் மண்ணும் நீரில் மூழ்கின. அம்மக்களும் நீதிமன்றம் சென்றனர். தங்கள் புனித இடங்களைக் காக்குமாறு வேண்டினர். 1980இல் மேல்முறையீட்டு மன்றம் அவர்களுடைய வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. உழவனின் கண்ணீருக்குச் சட்டத்தில் ஒரு பிரிவு இல்லை. முன்னோர் கல்லறைக்குப் பிரிவு இல்லை. மூன்று அங்குல மீனுக்கு மட்டும் ஒரு பிரிவு இருந்தது. ஆகவே பள்ளத்தாக்கைக் காக்க விரும்பியோர் எல்லாருடைய துயரத்தையும் அம்மீனின்மேல் ஏற்றினர். குற்றம் மீனின்மேலும் இல்லை. மீனைப் பற்றிக்கொண்டவர்மேலும் இல்லை. மனிதர்களுக்குத் திறக்க வேண்டிய கதவுகளை அடைத்துவிட்டு ஒரே ஒரு சாளரத்தை மட்டும் விட்டுவைத்த ஏற்பாட்டின்மேலேயே குற்றம்.

இதன் மறுபக்கத்தை நம் நாட்டில் காணலாம். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழும் கூன்முதுகு மஹ்சீர் என்னும் பெருமீன், ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. 1873இல் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிய தூண்டில் நூலால் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அதற்கு முறையான அறிவியற் பெயர் இன்னதென்று எவரும் உறுதி செய்யவில்லை. இதற்கிடையே, வேறு பகுதியைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீரின் குஞ்சுகள், நல்லெண்ணத்தோடுதான், காவிரியில் விடப்பட்டன. மஹ்சீர் எல்லாம் மஹ்சீர்தானே என்ற எண்ணம்! வந்த மீன் பெருகியது. சொந்த மீன் அருகியது. 2018இல்தான், மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த குழு, இது கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 2011இல் விவரிக்கப்பட்ட ‘டோர் ரெமாதேவி’யே என்று நிறுவியது. அதன் பின்னரே உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில், அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அது இடம்பெற்றது. டென்னசி மீனுக்குப் பெயர் இருந்ததால் வழக்கு இருந்தது. காவிரி மீனுக்குப் பெயர் உறுதிப்படாததால், அழிவதுகூட அறியப்படவில்லை.

ஆகவே பெயர் வேண்டாம் என்று சொல்வாரோடு நாம் உடன்படவில்லை. பெயர் கடமைக்கு முகவரி. முகவரி இல்லாத கடிதம் எவர் கைக்கும் போய்ச் சேராது. ஆனால் முகவரி மாறியதால் அவ்வீட்டில் வாழ்ந்தவர் இல்லாமற் போய்விடுவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே மனத்தில் கொள்ளவேண்டும்.

மீனைப் பற்றி இவ்வளவு சொன்ன நாம், மனிதரை வகைப்படுத்தும் ஏடுகளையும் புரட்டிப் பார்ப்போம். கல்வராயன் மலையில் வாழும் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என்று மயங்குவார் உண்டு. அவர்கள் பேசுவதோ தமிழ். மலையில் வாழ்வோர் என்பதே பெயரின் பொருள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இம்மக்களின் பெயர் சில மாவட்டங்களின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டுள்ளது. தென்னாற்காடு, வடஆற்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்பன அவை. தென்னாற்காடு மாவட்டம் 1993இல் பிரிந்து பெயர் மறைந்தது. கல்வராயன் மலை விழுப்புரத்தில் இருந்து, 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வந்தது. எனினும் மறைந்துபோன மாவட்டத்தின் பெயரே இன்றும் அம்மக்களின் உரிமைக்குச் சான்றாக நிற்கின்றது.

ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளின் நிலை வேறு. அம்மாவட்டம் 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. கோயம்புத்தூர் அப்பட்டியலில் இல்லை. ஆகவே அதே பெயரும், அதே மலை வாழ்வும் உடைய மக்கள் அங்கே ஏட்டின்படி பழங்குடியினர் ஆகமாட்டார்கள். அவர்கள் பல்லாண்டுகளாகச் சான்றிதழ் கேட்டு வந்துள்ளனர். ஒரு மலையில் பிறந்த பிள்ளைக்குக் கல்லூரியில் கிடைக்கும் இடம், மற்றொரு மலையில் பிறந்த பிள்ளைக்கு இல்லை. இரு பிள்ளைகளின் பசியையும் படிப்பார்வத்தையும் பிரிக்கும் கோடு எங்கே உள்ளது? மலையில் இல்லை, தாளில் உள்ளது. டார்ட்டர் மீனின் செதிலை எண்ணுகின்றவராவது மீனைக் கையில் எடுத்துப் பார்க்கின்றார். இங்கே வரைபடத்தின் கோட்டைப் பார்த்து மனிதரின் உரிமை முடிவு செய்யப்படுகின்றது.

இனிக் கருணாபுரம். 2024 ஜூன் மாதம்வரை அப்பெயரைத் தமிழகத்தில் எத்தனை பேர் அறிந்திருப்பர்? அம்மாதம் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து, கருணாபுரத்திலும் அதைச் சூழ்ந்த இடங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் அடுத்தடுத்து எரிந்தன. மீனுக்கு அழிவு வரும்போது அதன் பெயர் உலகறிய வருவதுபோல, அவ்வூரின் பெயரும் சாவினால்தான் செய்தித்தாள் ஏறியது.

அந்தச் சாவும் ஒருவகையில் வகைப்பாட்டைத் தவறவிட்டதன் சாவுதான். மதுவிலுள்ள எத்தனாலும், ஆலைகளின் தேவைக்காக உற்பத்தி செய்யப்படும் மெத்தனாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், இரண்டும் நிறமற்றவை, குடிப்பவனின் நாவும் மூக்கும் அவற்றைப் பிரித்தறிய மாட்டா. வேதியியலார்க்கு இரண்டும் ஒரே குடும்பம். ஒரு கரி அணு கூடுதல் குறைவு, அவ்வளவே வேறுபாடு. உடலுக்குள் சென்றபின் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணின் நரம்பைக் கெடுத்து உயிரையும் பறிக்கின்றது. எது எது என்று பிரித்தறிந்து பெயர் சொல்லும் அறிவு எத்துணை இன்றியமையாதது என்பதை இதைவிடக் கொடுமையாக எவரும் கற்பிக்க முடியாது.

ஆனால் அங்கே மற்றொரு வகைப்பாடும் நடந்தது. அது வேண்டாத வகைப்பாடு. “குடித்துச் செத்தவர்களுக்கு இரக்கம் எதற்கு?” என்று கேட்டவர்கள் உண்டு. இறந்தவர் தந்தை, தாய், மகன், கூலியாள், அண்டை வீட்டுக்காரர் என்று பல பெயருக்கு உரியவர். அத்தனை பெயரையும் அழித்துவிட்டுக் குடிகாரர் என்னும் ஒரே பெயரை ஒட்டினால் நம் நெஞ்சு இலேசாகிவிடுகின்றது. கடமை குறைந்துவிட்டதாகத் தோன்றுகின்றது. மதுவை முற்றும் விலக்கிய நெறியில் வளர்ந்த நாம் இந்தச் சோதனையை மற்றவரினும் மிகுதியாக எதிர்கொள்கின்றோம். மது தீயது என்று உறுதியாகச் சொல்வது வேறு; அதில் வீழ்ந்தவனைக் கருணையின் எல்லைக்கு வெளியே நிறுத்துவது வேறு. நோய்க்கு இட்ட பெயரை நோயாளிக்கு இட்டுவிட்டால் மருத்துவமனையின் கதவு எவருக்குத் திறக்கும்? கல்வராயன் மலைக்கும் சாராயம் காய்ச்சும் மலை என்று ஒரு பெயர் ஒட்டப்பட்டது. கருணாபுரத்தைக் கொன்றதோ மலையடுப்பில் காய்ச்சிய சரக்கன்று; ஆலைச் சரக்கு. அதே ஆண்டில், அம்மலை மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் கல்வியும் எட்டாத நிலையைக் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஒட்டிய பெயரை நீக்கிவிட்டு மக்களைப் பார்ப்பதற்கு இத்தனை சாவுகள் வேண்டியிருந்தன.

இவையெல்லாம் சேர்ந்து நமக்கு உணர்த்துவது யாது? வகுத்தறியும் அறிவு ஓர் அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளை உள்ளபடி திருப்பித் தருவது போல, கண்டதைக் கண்டபடி சொல்லுதல் அறிஞர் கடன். டார்ட்டர் தனி இனம் அன்று என்று சான்றுகள் சொன்னால், அணை கட்டுவோர் மகிழ்வார்களே என்று அதனை மறைக்கலாகாது. நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்யும் ஒருநாள் வெளிப்படும். வெளிப்படும் நாளில் நல்ல நோக்கத்தையும் உடன் இழுத்துச் செல்லும். அதுபோலவே, பெயர் மாறிற்று என்பதைச் சாக்காகக் கொண்டு கடமையிலிருந்து நழுவுவோரையும் நாம் ஏற்கலாகாது. ஆற்றின் அடியில் நத்தை தேடும் மீனுக்குத் தன் இலத்தீன் பெயர் தெரியாது. அது வேண்டுவது ஓடும் தெளிந்த நீர். பர்கூர் மலைப் பிள்ளை வேண்டுவது படிப்பு. கருணாபுரத்தில் தாய் தந்தையை இழந்த பிள்ளை வேண்டுவது ஆதரவு. தேவை பெயருக்கு முன்னரே பிறந்துவிடுகின்றது. தேவையோடு கடமையும் பிறந்துவிடுகின்றது. பெயர் பின்னால் வந்து வழி காட்டுகின்றது.

சட்டம் எழுதுவோர் இதனை உணர்ந்தால், ஒரு சொல் மாறியவுடன் காப்பு முழுவதும் இடிந்து விழாதவாறு வாயில்களைப் பலவாக அமைப்பர். பட்டியல் எழுதுவோர் உணர்ந்தால், மாவட்டத்தின் எல்லையைப் பார்ப்பதற்கு முன் மலையேறி மக்களைப் பார்ப்பர். நாம் உணர்ந்தால், ஒருவன் துன்புற்று விழும்போது அவன் யார், எத்தகையவன் என்று விசாரிப்பதற்கு முன் அவனைத் தூக்கி நிறுத்துவோம். விசாரணைக்குப் பிறகு நேரம் உண்டு.

கருணையின் பெயரால் ஓர் ஊர் நம்மிடையே இருக்கின்றது. பெயரிட்டோர் தம் கடமையைச் செய்துவிட்டனர். அப்பெயருக்குப் பொருள் தரும் கடமை நம்முடையது.